தம்பிக்குக் கல்லூரியா, கைத்தொழிலா? பணக்கணக்கு மட்டும் பேசுவோம்

நடுப்பக்கம்

வணக்கம். நீண்ட நாளாக இங்கே வாசிப்பதோடு சரி, எழுதியதில்லை. இப்போது வீட்டில் ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

தம்பி பள்ளி முடித்துவிட்டான், 18 வயது. நான்கு வருட நிர்வாகவியல் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. பெரிய பெயர் உள்ள கல்லூரி இல்லை. கட்டணத்தில் பெரும்பகுதி கடனில்தான் கட்டவேண்டும். இதற்கிடையில் ஒரு எலக்ட்ரிக்கல் காண்ட்ராக்டர் அவனைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். மூன்று வருடம், முதல் மாதத்திலிருந்தே சம்பளம், முடிவில் லைசென்ஸ் தேர்வு. "பட்டம் இல்லாதவனை யார் மதிப்பார்கள்" என்கிறார் அப்பா. "மதிப்பை வைத்துக் கடனை அடைக்க முடியுமா" என்கிறான் தம்பி. அம்மா இரண்டு பேருக்கும் தலையாட்டுகிறார்.

அறிவு, மரியாதை, சமூக மதிப்பு எல்லாவற்றையும் தயவுசெய்து இங்கே யாரும் எடுக்க வேண்டாம். அப்பா தினமும் எடுக்கிறார். எனக்கு வேண்டியது பணக்கணக்கு. 40 வயதில் எந்த வழியில் போனால் இவன் கையில் அதிகம் நிற்கும்?

வட்டிக்கணக்கு

சகோ, இந்தக் கணக்கில் எல்லாரும் கல்லூரிக் கட்டணத்தை மட்டும் செலவாக எழுதுவார்கள். பெரும்பாலும் அதைவிடப் பெரிய செலவு, படிக்கிற வருடங்களில் சம்பாதிக்காமல் விடுகிற பணம்.

எந்த நாட்டுப் பணமும் வேண்டாம். லைசென்ஸ் வாங்கிய எலக்ட்ரீஷியனின் ஒரு வருடச் சம்பாத்தியத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். பயிற்சிக் காலத்தில் 40, 50, 60. நான்காம் வருடம் 100. மொத்தம் 250. கல்லூரிக்குப் போகிறவருக்கு இந்த 250 கிடையாது, மேற்கொண்டு கட்டணம் வருடத்துக்கு 30 வீதம் 120 போகிறது. பட்டம் கையில் வாங்குகிற நாளில் இடைவெளி 370. சாப்பாடும் துணிமணியும் இரண்டு பேருக்கும் உண்டு, அதனால் சேர்க்கவில்லை.

பட்டதாரிக்கு 140 சம்பளம் என்று வையுங்கள், அதாவது வருடத்துக்கு 40 கூடுதல். 370ஐ 40ஆல் வகுத்தால் ஒன்பதே கால் வருடம், 31 வயதில் சமமாகிவிடும். பலரும் இந்த இடத்திலேயே பேனாவை மூடிவிடுகிறார்கள். பணத்துக்கு வட்டி இருக்கிறதே! 6 சதவீதம் என்றால் 370க்கு முதல் வருட வட்டியே 22. கூடுதலாக வரும் 40இல் பாதிக்கு மேல் வட்டிக்கே போய்விடுகிறது. சமமாக 14 வருடம் பிடிக்கும், 36 வயது. 9 சதவீதம் என்றால் ஏறக்குறைய 21 வருடம், 43 வயது. 11 சதவீதத்தில் வருட வட்டி 40.7, கூடுதல் வருமானம் 40. எந்தக் காலத்திலும் எட்டிப் பிடிக்க முடியாது.

நீங்கள் கேட்டது 40 வயது. 6இல் அப்பா சொல்வது சரி, 9இல் தம்பி சொல்வது சரி. வட்டி விகிதத்தைச் சொல்லாமல் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சும்மா_போறவன்

பில் கேட்ஸ், மார்க் ஸக்கர்பெர்க் எல்லாம் கல்லூரியைப் பாதியில் விட்டவர்கள்தானே? இவ்வளவு கணக்கு எதற்கு?

தரவுப்பூனை

@சும்மா_போறவன் அவர்கள் பாதியில் விட்டது எந்தக் கல்லூரியை என்று பாருங்கள். இரண்டு பேருமே ஹார்வர்ட். அங்கே நுழைய முடிந்தது என்பதே அவர்களைப் பற்றி நிறையச் சொல்லிவிடுகிறது. அதோடு கேட்ஸ் 1975இல் கையில் ஒரு தொழிலோடு வெளியே வந்தார், ஸக்கர்பெர்க்கின் தளம் 2004இலேயே ஓடத் தொடங்கிவிட்டது. பாதியில் விட்டுவிட்டுப் பணக்காரர் ஆகாதவர்களைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை.

ஆனால் இதே கண்ணி அப்பா பக்கத்திலும் இருக்கிறது. "பட்டதாரிகள் அதிகம் சம்பாதிக்கிறார்கள்" என்பது உண்மை. பட்டத்தால்தான் சம்பாதிக்கிறார்களா என்பது வேறு கேள்வி. படிப்பில் கெட்டிக்காரர், வீட்டில் வசதி உள்ளவர், நாலு பேரைத் தெரிந்தவர்: இவர்கள்தான் கல்லூரிக்கு அதிகம் போகிறார்கள். கல்லூரிக்குப் போகாவிட்டாலும் இவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே சம்பாதித்திருப்பார்கள்.

இதைப் பிரித்தெடுக்கப் பொருளாதார நிபுணர்கள் படாதபாடு பட்டிருக்கிறார்கள். டேவிட் கார்ட் 1990களில் ஒரு வழி பிடித்தார். வீட்டுக்குப் பக்கத்தில் கல்லூரி இருப்பதும் இல்லாததும் பையனின் திறமையைப் பொறுத்தது இல்லை, ஆனால் அவன் கல்லூரிக்குப் போவானா என்பதை அது மாற்றும். அந்த வித்தியாசத்தை வைத்து அளந்தார். ஆங்ரிஸ்டும் க்ரூகரும் 1991இல் ஆண்டின் எந்தக் காலாண்டில் பிறந்தார் என்பதை வைத்து அளந்தார்கள். ஆண்டின் தொடக்கத்தில் பிறந்தவர் கொஞ்சம் வயது கூடிப் பள்ளியில் சேருகிறார், சட்டப்படி பள்ளியை விடும் வயதோ எல்லாருக்கும் ஒன்றுதான், அதனால் அவர் கொஞ்சம் குறைவாகப் படித்துவிட்டு வெளியேறலாம். இரண்டு அளவீடுகளிலும் படிப்பின் பலன் காணாமல் போகவில்லை. கார்டுக்கும் ஆங்ரிஸ்டுக்கும் 2021இல் பொருளாதார நோபல் கிடைத்தது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த சாக்கரோபூலோஸ், பட்ரினோஸ் இருவரும் 2018இல் தந்த சராசரி, கூடுதலாகப் படிக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் ஏறக்குறைய 9 சதவீதச் சம்பள உயர்வு.

@வட்டிக்கணக்கு உங்கள் கணக்கில் ஒரு ஓட்டை. 40 என்ற இடைவெளியை வாழ்நாள் முழுக்க அப்படியே வைத்துவிட்டீர்கள். மின்சர் என்ற பொருளாதார நிபுணர் 1974இலேயே வயதையும் சம்பளத்தையும் சேர்த்து வரைந்து காட்டினார். படித்தவரின் கோடு கீழே தொடங்கி நீண்ட நாள் ஏறும். தொடக்கத்தில் இடைவெளி 10 ஆக இருக்கலாம், 45 வயதில் 90 ஆகலாம்.

வட்டிக்கணக்கு

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தொடக்கத்தில் இடைவெளி 10 என்றால் வட்டி குட்டி போடுகிற வருடங்களும் அவைதான். பின்னால் வரும் 90க்கு இன்றைய மதிப்பு குறைவு. உங்கள் திருத்தம் பட்டதாரிக்கு நீங்கள் நினைக்கிற அளவு உதவாது.

டெஸ்டர்பாக்கெட்

இழையில் ஒரு எலக்ட்ரீஷியனாவது பேசட்டும் என்று வந்தேன்.

18 வயதில் ஹெல்பராகச் சேர்ந்தேன். இப்போது 43. என்னோடு பள்ளியில் படித்தவர்கள் கல்லூரியில் இருந்தபோது நான் மாதம் தவறாமல் வீட்டுக்குப் பணம் கொடுத்தேன். அந்த வருடங்களில் ராஜா மாதிரி இருந்தேன், அதில் சந்தேகமே இல்லை. 30 வயது வரை எந்தப் பட்டதாரி நண்பனும் என்னைத் தாண்டவில்லை.

அப்புறம் நடந்ததையும் சொல்லவேண்டும். பழைய கட்டடத்தில் சுவருக்குள் போன கண்டூட் குழாயில் புதிய வயர் இழுப்பது ஒரு வேலை. ஒருவன் அந்த முனையில் தள்ளுவான், இந்த முனையில் நான் இழுக்கவேண்டும். நடுவில் எங்கேயாவது குழாய் நசுங்கியிருந்தால் வயர் சிக்கி நிற்கும். ஏணியில் நின்றபடி, தலைக்கு மேலே கையை வைத்துக்கொண்டு இழு, விடு, மறுபடி இழு. 25 வயதில் இது ஒரு விளையாட்டு. இப்போது என் வலது கை காது உயரம் வரைதான் போகிறது. முழங்காலைப் பற்றிப் பேச்சே வேண்டாம். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே தவழ்ந்து போகிற வேலைக்கு இன்னொரு பையனைக் கூட்டிப்போகிறேன், அவன் சம்பளம் என் பையிலிருந்து. வட்டிக்கணக்கு சாரின் 100, 60 வயது வரை 100 ஆகவே இருக்கும் என்று யாரும் நம்பிவிடாதீர்கள்.

இன்னொன்று. சம்பளத்துக்கு வேலை பார்க்கிற எலக்ட்ரீஷியனும் சொந்தமாக வேலை எடுக்கிற எலக்ட்ரீஷியனும் ஒரே தொழிலில் இருப்பதாக வெளியே நினைப்பார்கள். இல்லவே இல்லை. சொந்தமாக எடுத்தால் எஸ்டிமேட் போடத் தெரியவேண்டும், பொருளுக்கு முன்பணம் வேண்டும், பில் வசூலிக்கத் தெரியவேண்டும். வேலை முடிந்த பிறகும் தொகையில் ஒரு பங்கைப் பல மாதம் பிடித்து வைப்பார்கள், பின்னால் குறை ஏதும் வந்தால் சரிசெய்ய. ஒரு பெரிய வேலையில் அப்படிப் பிடித்த பணம் எனக்கு இன்னும் வரவில்லை. கணக்கு எழுதத் தெரிந்த காண்ட்ராக்டர்கள் என்னைவிட நன்றாக இருக்கிறார்கள். வயர் இழுப்பதில் அவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இல்லை.

தங்கச்சி, உங்கள் தம்பி எந்தப் பக்கம் போனாலும் சரி, எஸ்டிமேட் போடக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்.

தரவுப்பூனை

டெஸ்டர் அண்ணன் சொன்னதை 2017இல் ஹனுஷேக் என்ற பொருளாதார நிபுணரும் அவரோடு சேர்ந்தவர்களும் 11 நாட்டுத் தரவில் பார்த்திருக்கிறார்கள். தொழில்கல்வி படித்தவருக்கு இளவயதில் வேலை கிடைப்பது எளிது, வயது ஏற ஏற அந்தச் சாதகம் தேய்ந்து, பொதுக்கல்வி படித்தவர் முந்துகிறார். டென்மார்க், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து மாதிரித் தொழிற்பயிற்சி வலுவாக உள்ள நாடுகளில்தான் இது நன்றாகத் தெரிகிறது. அவர்கள் சொல்லும் காரணம் தோள்வலி இல்லை. தொழில்நுட்பம் மாறும்போது ஒரே வேலையைக் கற்றவருக்கு அடுத்ததற்குத் தாவுவது கடினம் என்கிறார்கள்.

டெஸ்டர்பாக்கெட்

தாவலாம் தம்பி, நான் சோலார் பேனல் மாட்டப் போகவில்லையா? ஆனால் அதையும் கூரை மேல் ஏறித்தான் மாட்டவேண்டும்.

ஐந்து_செமஸ்டர்

வட்டிக்கணக்கு போட்ட கணக்கில் நான் எந்தப் பக்கத்திலும் இல்லை. பயிற்சிக்கும் போகவில்லை, பட்டமும் வாங்கவில்லை.

பொறியியலில் சேர்ந்தேன். முதல் வருடம் கணக்கில் அரியர். அடுத்த வருடம் அது மூன்றாகி, அப்புறம் ஏழாகிவிட்டது. ஐந்தாவது செமஸ்டர் முடிந்த விடுமுறையில் வீட்டுக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. யாரும் என்னைத் துரத்தவில்லை, நானே நின்றுவிட்டேன். ஐந்து மார்க் ஷீட்டும் இன்றைக்கும் ஒரு பிளாஸ்டிக் கவரில் பீரோவில் இருக்கின்றன.

கடன் மட்டும் நிற்கவில்லை. நான் படிப்பை விட்ட செய்தி வட்டிக்குத் தெரியாது.

வேலைக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போடும்போது ஒரு கட்டம் வரும்: "உயர்ந்தபட்சக் கல்வித் தகுதி". அம்புக்குறியை அழுத்தினால் பள்ளி, டிப்ளமோ, இளநிலை, முதுநிலை என்று இறங்கும். இரண்டரை வருடம் என்று ஒன்று அதில் இல்லை. ஒவ்வொரு முறையும் "பள்ளி" என்பதைத் தேர்ந்தெடுப்பேன். இரண்டரை வருடமும் அந்தக் கடனும் அந்த ஒரு சொடுக்கில் மறைந்துவிடும், கடன் மட்டும் மாதம் முதல் தேதி மறுபடி வரும்.

பட்டம் வாங்கியவர்கள் லாபமா நஷ்டமா என்று பேசுகிறீர்கள். என்னை மாதிரி ஆட்களையும் கணக்கில் சேருங்கள். சேருகிற அன்றைக்கு யாரும் நிற்கப்போவதாக நினைத்துச் சேருவதில்லை.

கோப்புக்கட்டு

மேலே எழுதியவர் மன்னிக்கவும், அந்தக் கட்டத்தின் மறுபக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் நான். பணியாளர் பிரிவில் 11 வருடம். ஓர் இடத்துக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் வரும். அத்தனையையும் வாசிக்க ஆள் இல்லை. "இளநிலையும் அதற்கு மேலும்" என்று ஒரு டிக் போடுவேன், பட்டியல் பாதியாகும். அந்த வேலைக்குப் பட்டம் தேவையா என்று கேட்டால், பல நேரம் தேவையில்லை. டிக் போட ஒரு நொடி ஆகும், அவ்வளவே.

உள்ளே வந்த பிறகு இரண்டு மூன்று வருடத்தில் யார் எங்கே படித்தார்கள் என்பது எனக்கே மறந்துவிடும். மேலாளர் பதவிக்குப் பெயர் போகும்போது மட்டும் மறுபடி கோப்பைத் திறப்பார்கள். பட்டம் இல்லாத ஒரு நல்ல மனிதரின் கோப்பு அந்த இடத்தில் இரண்டு முறை நின்றதைப் பார்த்திருக்கிறேன். அவருக்குக் கீழே வேலை கற்றவர் இப்போது அவருக்கு மேலாளர்.

தரவுப்பூனை

இதைத்தான் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் எழுதினார் (2001இல் பொருளாதார நோபல் பெற்ற மூவரில் ஒருவர்). கல்லூரி ஒன்றுமே கற்றுத்தராவிட்டாலும் பட்டத்துக்கு விலை இருக்கும், ஏனென்றால் "இவர் நான்கு வருடம் தாக்குப்பிடித்தார்" என்ற சமிக்ஞையை அது தருகிறது. கடைசி வருடத்தை முடித்தவருக்கு அதற்கு முந்தைய வருடங்களைவிடப் பெரிய சம்பளத் தாவல் கிடைப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. கற்றது மட்டும்தான் காரணம் என்றால் ஐந்து செமஸ்டருக்கு எட்டில் ஐந்து பங்காவது கிடைத்திருக்கவேண்டும்.

ஆனால் நடுப்பக்கம் கேட்டதற்கு இன்னும் முக்கியமான ஒன்று இருக்கிறது: எந்தப் பாடம்? நார்வேயில் கல்லூரி இடங்கள் ஒரே மையத்தில் மதிப்பெண் வரிசைப்படி ஒதுக்கப்படும். கட்-ஆஃபுக்கு ஒரு புள்ளி மேலே இருந்தவர் விரும்பிய பாடத்தில் சேர்ந்தார், ஒரு புள்ளி கீழே இருந்தவர் இரண்டாவது விருப்பத்துக்குப் போனார். இரண்டு பேரும் திறமையில் ஏறக்குறைய ஒன்று. 2016இல் வெளியான ஆய்வு இவர்களை ஒப்பிட்டது. எந்தப் பாடம் என்பது சம்பளத்தைப் பெரிதாக மாற்றியது, எந்தக் கல்லூரி என்பது அவ்வளவு மாற்றவில்லை. பிரிட்டனில் நிதியியல் ஆய்வு நிறுவனம் 2020இல் வரியையும் கடனையும் கழித்துவிட்டுப் பார்த்தபோது, பட்டம் பெற்றவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் கல்லூரிக்குப் போகாமல் இருந்திருந்தால் பணரீதியாக மேலாக இருந்திருப்பார் என்று வந்தது. மருத்துவம், பொருளியல், சட்டத்தில் பலன் பெரிது, கலைப்படைப்பு சார்ந்த பாடங்களில் சராசரி கிட்டத்தட்டப் பூஜ்யம்.

வட்டிக்கணக்கு

ஐந்து_செமஸ்டர், உங்களுக்காக இல்லை, உங்களைப் பார்த்தபிறகு விட்டுப்போனது உறுத்தியதால் இன்னொரு கணக்கு போட்டேன். படிப்பை விடவில்லை, ஒரே ஒரு வருடம் தாமதம் என்று வையுங்கள். கட்டணம் 30, விட்ட சம்பளம் 100, பழைய 370க்கு ஒரு வருட வட்டி வேறு. இடைவெளி 522 ஆகிறது. அதே 6 சதவீதம், அதே 40 கூடுதல். எட்டிப்பிடிக்க 14 வருடத்துக்குப் பதில் 26 வருடம். மூன்று முறை சரிபார்த்தேன். 49 வயது.

நான் மேலே 36 என்று எழுதியபோது, பையன் நான்கே வருடத்தில் முடிப்பான் என்று சொல்லாமலே எடுத்துக்கொண்டேன். அது என் தவறு.

சும்மா_போறவன்

சரி, கேட்ஸை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஒரு நிஜமான கேள்வி. கடன் எல்லா இடத்திலும் ஒரே மாதிரியா?

தரவுப்பூனை

இல்லை. ஆஸ்திரேலியா 1989இல் ஒரு முறை கொண்டுவந்தது: வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் கடனைக் கட்டவேண்டும், அதுவும் வரியோடு சேர்த்துப் பிடிப்பார்கள். வருமானம் இல்லாத வருடத்தில் தவணையும் இல்லை. இங்கிலாந்தில் குறிப்பிட்ட வருடங்கள் கழிந்தால் மிச்சக் கடன் தள்ளுபடியாகும். இப்படிப்பட்ட கடனில் ஐந்து_செமஸ்டருக்கு முதல் தேதி வந்திருக்காது. சம்பாதித்தாலும் சம்பாதிக்காவிட்டாலும் தவணை என்கிற கடனில் அதே படிப்புக்கு ஆபத்து பல மடங்கு. கட்டணம் எவ்வளவு என்பதற்கு முன்னால் இதைக் கேட்கவேண்டும் என்பது என் கட்சி.

நடுப்பக்கம்

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாளாக அலைந்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

கடன் பத்திரத்தைப் படித்தேன். நிலையான தவணை. படிப்பு முடிந்தாலும் முடியாவிட்டாலும் குறிப்பிட்ட தேதியில் தொடங்கும். வட்டி 9ஐ விடக் கொஞ்சம் அதிகம். வட்டிக்கணக்கு சாரின் கணக்கைக் காகிதத்தில் எழுதி அப்பாவிடம் காட்டினேன். "140 என்று யார் சொன்னது? 200 கிடைத்தால்?" என்றார். நியாயமான கேள்விதான். அதனால் கல்லூரிக்கே போய்க் கேட்டோம், அப்பாவும் வந்தார். வாசலிலேயே ஒரு பெரிய பேனர், போன வருடத்து மாணவர் ஒருவருக்குக் கிடைத்த அதிகபட்சச் சம்பளம் போட்டிருந்தது. சேருகிறவர்களில் எத்தனை பேர் நான்கே வருடத்தில் முடிக்கிறார்கள், எல்லாரையும் வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவருக்கு என்ன சம்பளம் என்று கேட்டேன். சேர்க்கைப் பிரிவில் இருந்தவர் பேனரைக் காட்டினார். மறுபடி கேட்டேன். மறுபடியும் பேனரைக் காட்டினார்.

வெளியே வந்ததும் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பேருந்தில், "அந்த ஒரு பையன் பெயரையாவது கேட்டிருக்கலாம்" என்றார்.

தம்பி இழை முழுக்கப் படித்துவிட்டான். ஐந்து_செமஸ்டர் எழுதியதை இரண்டு முறை படித்தான், டெஸ்டர் அண்ணன் எழுதியதையும்தான். இப்போதைக்குப் பயிற்சி, லைசென்ஸ் வாங்கிய பிறகு சொந்தச் சம்பாத்தியத்தில் பகுதிநேரமாக எலக்ட்ரிக்கல் டிப்ளமோ என்கிறான். அப்பா இன்னும் சரி என்று சொல்லவில்லை, முடியாது என்பதை மட்டும் நிறுத்தியிருக்கிறார்.

கோப்புக்கட்டு

பகுதிநேரமாக வாங்கினாலும் டிப்ளமோ டிப்ளமோதான். முழுநேரமா பகுதிநேரமா என்று என் திரையில் தெரியாது.

ஐந்து_செமஸ்டர்

டிப்ளமோ சேரும்போது முதல் தேர்வில் ஒரு தாள் போனால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லச் சொல்லுங்கள். நான் ஏழு ஆகும்வரை யாரிடமும் சொல்லவில்லை.

டெஸ்டர்பாக்கெட்

தங்கச்சி, காண்ட்ராக்டரிடம் மூன்று விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள். லைசென்ஸ் தேர்வுக்குக் கட்டணம் யார் கட்டுவது. தேர்வுக்குக் கேட்கிற அனுபவச் சான்றிதழில் அவர் கையெழுத்துப் போடுவாரா. சிலர் பையன் போய்விடுவான் என்று இழுத்தடிப்பார்கள், எனக்கு ஒரு வருடம் அப்படிப் போனது. வேலையில் அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது. இந்த மூன்றாவதுக்கு அவர் சிரித்து மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.

நடுப்பக்கம்

இரண்டாவதை நான் யோசிக்கவே இல்லை அண்ணா. நாளைக்கு அப்பாவையே கேட்கச் சொல்கிறேன். அந்தப் பேனரைப் பார்த்த நாளிலிருந்து அவருக்குக் கேள்வி கேட்பதில் ஓர் ஆர்வம் வந்திருக்கிறது.